கயிறு யார் கையில்?

அக்கா மகன் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். லீவுக்குத் தூத்துக்குடி வந்திருந்தான். சாயங்காலம் ரெண்டு பேரும் பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். கையில் மக்ரூன் பொட்டலம். தூத்துக்குடிக்கு வந்துவிட்டு மக்ரூன் தின்னாமல் போகிறவனை முந்திரியும் முட்டையும் மன்னிக்காது.

"இப்ப என்னலே வேலை?" என்றேன்.

"ஒரு குறிப்பு எழுதிக்கிட்டிருக்கேன் மாமா. இதுவரைக்கும் எழுதினதுலயே கஷ்டமானது இதுதான். ஆனா இதை ஒரு மனுஷன்கூடப் படிக்கப்போறதில்லை."

இருபது வருஷத்துக்கு மேலாக எழுதிப் பிழைக்கிறவன் நான். நம்மை யாரும் படிப்பதில்லையோ என்ற சந்தேகம் எனக்கும் அவ்வப்போது வரும். ஆனால், யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். நீங்களும் நானும் இன்று கேள்வி கேட்கிற செயற்கை அறிவுக்குத் தானாக இணையத்துக்குள் போய்த் தேடத் தெரியாது. அது படித்து வைத்திருப்பது ஒரு தேதி வரைக்குமான சங்கதிகளை. நேற்று நடந்தது தெரியவேண்டும் என்றால் அதன் கையில் ஒரு தேடும் கருவியைக் கொடுக்க வேண்டும். கருவியோடு ஒரு குறிப்பும் கொடுக்க வேண்டும். இதன் பெயர் இது, இது இன்ன வேலை செய்யும், இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் தரும், இந்த நேரத்தில் பயன்படுத்து, இந்த நேரத்தில் பயன்படுத்தாதே. அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வராது. இயந்திரம் அந்தக் குறிப்பைப் படித்துத்தான், கருவியை எடுப்பதா வேண்டாமா, வந்த பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிறது. நமக்காக இப்படிப் போய் வேலை பார்த்துவிட்டு வரும் மென்பொருளுக்கு 'ஏஜென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏஜென்ட் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. நான் பி.காம். படித்தவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

"எழுதிட்டேன் மாமா. கடைசியில 'இந்தக் கருவி எதையெல்லாம் செய்யாது'ன்னு ஒரு பத்தி சேர்த்தேன். மேலாளர் அதை எடுத்துட்டார்."

"ஏன்?"

"நீளமா இருக்காம். அதுமட்டுமில்ல, ஒரே வேலைக்கு நாலு கம்பெனி கருவி இருக்கும். குறிப்பைப் பார்த்துத்தான் இயந்திரம் தேர்ந்தெடுக்கும். நம்ம குறை நம்மளே எழுதினா அது வேற கருவியை எடுத்துட்டுப் போயிடும்னார்."

மக்ரூனைக் கடித்தபடி கேட்டான்: "படிக்கப்போறது ஒரு மெஷின். அதுகிட்டப் போய் நம்ம குறையைச் சொல்லாம விட்டா அது பாவமா மாமா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு. மறுநாள் காலையில் அவனைத் திரேஸ்புரத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வயசுக்காலத்தில் சங்கு குளித்தவர். அவருடைய அப்பா 1950-களில் முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் 1955-லிருந்து 1961 வரை தொடர்ந்து முத்துக் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. இன்றைக்கு 'முத்துநகர்' என்பது ஒரு பட்டப்பெயர். சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அந்தப் பெயரை வைத்து ஞாபகப்படுத்திக்கொள்கிறோம்.

"தாத்தா, கடலுக்குள்ள இறங்கும்போது எதுக்குப் பயப்படுவீங்க? சுறாவுக்கா?" என்று கேட்டான் பையன்.

பெரியவர் சிரித்தார். "சுறா அது சோலியப் பாத்துக்கிட்டுப் போவும். பயம்லாம் மேல வள்ளத்துல இருக்கிறவன் மேலதான். கயிறு அவன் கையிலல்லா இருக்கு!"

முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். குளிக்கிறவர் காலில் கல்லைக் கொடுத்து இறங்குவார். கல் அவரை விறுவிறுவென்று அடிக்குக் கொண்டுபோகும். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பைக்குள் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு கணம் பராக்குப் பார்த்தால் கதை முடிந்தது.

அதனால்தான் இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு: கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்த வேண்டும். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மச்சினனுக்கு அப்படி இல்லை. அவன் கையிலிருக்கும் கயிற்றின் மறுமுனையில் அவன் அக்காள் தாலி இருக்கிறது.

"எனக்கும் மச்சினன்தான் பிடிச்சான்" என்றார் பெரியவர்.

"கீழ போய் வெறுங்கையோட வந்தா என்ன சொல்வீங்க தாத்தா?"

"அதுல ரெண்டு இருக்கு தம்பி. அடி வரைக்கும் போய்த் தேடி அங்க ஒண்ணும் இல்லன்னா 'இல்ல'ம்பேன். கலங்கல்ல கண்ணு தெரியல, அடி எட்டல, மூச்சு நிக்கலன்னா 'பாக்கல'ம்பேன். பாக்காததப் போயி இல்லன்னு சொல்லிட்டா, அந்த எடத்துக்கு அப்புறம் எவன் போவான்?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

'இல்லை' என்பதும் 'பார்க்கவில்லை' என்பதும் வேறு வேறு. ரெண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் போகலாம்.

எப்படி என்கிறீர்களா? ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. புதிதாக மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று போனில் இருக்கும் செயற்கை அறிவிடம் கேட்கிறீர்கள். அது தேடும் கருவியை அனுப்புகிறது. அந்த நேரம் பார்த்து எங்கோ இணைப்பு அறுந்துவிடுகிறது. கருவி வெறுங்கையோடு திரும்புகிறது. 'தேட முடியவில்லை' என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு காலிப் பட்டியலை நீட்டுகிறது. இயந்திரத்துக்கு என்ன தெரியும்? காலிப் பட்டியல் என்றால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, உங்களிடம் பணிவான தமிழில் சொல்கிறது: 'எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை.'

நீங்கள் டம்ளரில் தண்ணீர் எடுக்கப் போகிறீர்கள்.

இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. கருவி பொய் சொல்லவில்லை, இயந்திரம் சொல்லவில்லை, எழுதியவர்களும் சொல்லவில்லை. 'காலிப் பட்டியல் வந்தால் தேடல் தோற்றும் இருக்கலாம், சரிபார்' என்ற ஒரு வரி, நீளம் கருதி எடுக்கப்பட்டது. அவ்வளவுதான்.

நீளம் கருதி எடுப்பது எனக்கும் பழக்கமான தொழில். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

2000-களின் தொடக்கம். ஒரு நாளிதழில் பயிற்சி உதவி ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் கடல் கொந்தளிப்பில் ஒரு படகு திரும்பவில்லை. கடற்கரைக் கிராமத்திலிருந்து பகுதிநேர நிருபர் ராத்திரி ஃபேக்ஸ் அனுப்பினார். போனவர்கள் பெயர்ப் பட்டியல். அதில் ஒரு பெயருக்கு நேரே அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார்: 'ஊரில் சொல்கிறார்கள். உறுதி செய்ய வேண்டும்.'

பக்கம் முடிக்கும் நேரம். பத்தியில் ரெண்டு வரி மிஞ்சுகிறது. எதை வெட்டுவது? அடைப்புக்குறியை வெட்டினேன்.

அந்த மனிதர் அன்றைக்குக் கடலுக்கே போகவில்லை. பக்கத்து ஊரில் மாமனார் வீட்டில் இருந்திருக்கிறார். காலையில் டீக்கடையில் பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்கள். அவருடைய அம்மா கேட்டுவிட்டு அங்கேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மத்தியானம் மகன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுநாள் நாங்கள் நாலு வரியில் வருத்தம் தெரிவித்தோம். நாலு வரிக்கு இடம் இருந்தது, பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். அந்தம்மா திட்டவில்லை. டீ கொடுத்தார். நிருபர் அதே ஊர்க்காரர் என்பதால் ஃபேக்ஸில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டு வார்த்தை போட இடமில்லாமப் போச்சாய்யா?"

இன்றைக்கும் ஒரு பக்கத்தில் எதையாவது வெட்டும்போது அந்த டீ டம்ளர் ஞாபகம் வரும்.

'படிக்கப்போவது மெஷின்தானே' என்ற கேள்விக்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது. நிருபர் தன் குறிப்பை எனக்கு எழுதினார். ஆனால், அவர் மனசில் எனக்குப் பின்னால் இருந்த வாசகர் இருந்தார். டீக்கடை இருந்தது. அந்த அம்மா இருந்தார். குறிப்பைப் படிக்கிறவர் வேறு, அதன் பலனை அனுபவிக்கிறவர் வேறு. என் அக்கா மகன் எழுதுவதை ஓர் இயந்திரம் படிக்கும். ஆனால், அதன் மறுமுனையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் அந்தக் குறிப்பைப் பார்க்கவே போவதில்லை. அவருக்குத்தான் நாம் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்போது பி.காமுக்கு வருகிறேன். துறைமுக ஊரில் வணிகம் படித்தால் ஒரு காகிதத்தைத் தெரியாமல் இருக்க முடியாது. கப்பலில் ஏறும் சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது. 'பில் ஆஃப் லேடிங்' என்பார்கள். சரக்கை அனுப்புகிறவரே கன்டெய்னரில் அடுக்கி, பூட்டி, சீல் வைத்து அனுப்புகிறார். உள்ளே பருத்தி நூல் என்கிறார். கப்பல்காரர் திறந்து பார்க்கவில்லை. அவர் எப்படி 'நூல் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுவார்? அதனால் ரசீதில் மூன்று ஆங்கில வார்த்தைகள் சேர்ப்பார்கள்: 'செட் டு கன்டெய்ன்'. உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது.

முதலில் படித்தபோது, இது தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்றுதான் நினைத்தேன். பாதி அதுதான். ஆனால், மறுபாதியை யோசியுங்கள். அந்த ரசீது கை மாறிக்கொண்டே போகும். வங்கிக்குப் போகும், கடல் தாண்டி வாங்குகிறவரிடம் போகும். எத்தனை கை மாறினாலும் அந்த மூன்று வார்த்தையும் கூடவே போகும். வங்கிகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600, அப்படி எழுதிய ரசீதை ஏற்கலாம் என்றே சொல்கிறது. 'நான் பார்த்தது இது, எனக்குச் சொல்லப்பட்டது இது' என்று பிரித்துச் சொன்னதற்காக யாரும் அந்தக் காகிதத்தைக் கேவலமாக நினைப்பதில்லை. உலக வியாபாரமே அதன் மேல்தான் ஓடுகிறது.

தேடும் கருவி இணையத்திலிருந்து அள்ளி வருவது எல்லாமே சீல் வைத்த கன்டெய்னர்தான். 2024 மே மாதம் கூகுளின் செயற்கை அறிவுத் தேடலில் ஒருவர் பீட்சாவில் சீஸ் வழுக்கிப் போகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டார். சாஸில் கொஞ்சம் பசை கலக்கச் சொன்னது. பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ரெடிட்டில் எழுதிவைத்த வேடிக்கை அது. யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்தத் தொனியில் சொன்னது எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. 'சொல்லப்படுவது' என்ற வார்த்தை உதிர்ந்து, 'உள்ளது' என்று வந்து இறங்கியது.

அதைவிட ஆபத்தான சரக்கும் உண்டு. இணையப் பக்கத்துக்குள்ளேயே, மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதி வைக்கிறார்கள். 2025-ல் சில ஆய்வுக் கட்டுரைகளில் 'இதைப் பாராட்டி மட்டும் எழுது' என்று மதிப்பிடும் இயந்திரத்துக்கு ரகசியக் குறிப்பு மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. கடலடியில் யாரோ ஒருவன் போலிக் கயிற்றைக் கட்டிவைத்துச் சுண்டுகிற மாதிரி! கருவியின் குறிப்பில் இதையும் எழுதியாக வேண்டும்: கிடைப்பது சரக்கு. கட்டளை அல்ல. கட்டளை வருவது வள்ளத்திலிருந்து மட்டும்தான்.

'அப்படியானால் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை எழுதிவிட்டால் போச்சு' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால், அதிலும் ஒரு சிக்கல்.

இந்தக் கரையில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். முத்துக் குளிப்பு நடக்கும்போது மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். பரம்பரைத் தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, இப்படி மந்திரம் சொல்கிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பின்னால் வெள்ளைக்கார அரசாங்கமும் கடல்கட்டியை வேலைக்கு வைத்துக்கொண்டது. நம்பிக்கை இருந்ததால் அல்ல. அவர் இல்லாவிட்டால் ஆட்கள் கடலில் இறங்கமாட்டார்கள்.

கடல்கட்டியைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. பயந்தவனுக்குத் தைரியம் கொடுப்பதும் ஒரு வேலைதான். ஆனால், மந்திரம் வேறு, கயிறு வேறு. இன்றைக்கு எல்லாச் செயலியின் அடியிலும் பொடி எழுத்தில் 'தவறுகள் இருக்கலாம், சரிபார்க்கவும்' என்று போட்டிருக்கிறதே, அது பெரும்பாலும் மந்திரம். எதில் தவறு, எப்போது தவறு, எப்படிச் சரிபார்ப்பது, எதுவும் அதில் கிடையாது. அது எழுதினவனைக் காப்பாற்றும், குளிக்கிறவனைக் காப்பாற்றாது. 'காலிப் பட்டியல் வேறு, தோற்ற தேடல் வேறு. தோற்றால் தோற்றது என்று கேட்டவரிடம் சொல்' என்று எழுதினால் அது கயிறு. இழுத்தால் ஆள் மேலே வருவார்.

நல்ல எச்சரிக்கைக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இதுதான்: அதைப் படித்தவர் வேறு மாதிரி ஏதாவது செய்வாரா? செய்வார் என்றால் அது கயிறு. இல்லையென்றால் மந்திரம்.

வார்த்தையும் முக்கியம். இதற்கும் இந்தக் கரையிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். தான் இல்லாத இடங்களில் சொல்லிக்கொடுக்க ஆட்களையும் வைத்தார். குறிப்பை நம்பித்தான் எல்லாமே நடந்தது. 1544-ல் தன் கூட்டாளி மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாச ஜெபத்தில் 'வேணும்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்பதைப் போடுங்கள். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம். நாம் சொல்லவேண்டியது நம்புகிறேன் என்பதை.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எத்தனை கிராமங்களில், எத்தனை வாய்கள் அந்த ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்! தப்பு சொன்னவர்கள் மேல் இல்லை, குறிப்பில் இருந்தது. பாஷை சரியாகத் தெரியாத ஒரு மனிதர் அதைக் கண்டுபிடித்ததும், 'போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது' என்று விடவில்லை. கடிதம் எழுதித் திருத்தினார். நம்பிக்கை எந்த மதத்தினுடையதாகவும் இருக்கட்டும், அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இணையத்தில் தேடும்போதும் நமக்கு நேர்வது அதே குழப்பம்தானே? நமக்கு வேணும் என்பதைத் தேடுகிறோம். கிடைத்தவுடன் அதையே நம்பிவிடுகிறோம்.

சரி, இத்தனையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாயிற்று. அப்புறமும் இயந்திரம் சொதப்பினால்? சொதப்பும். குறிப்பை மீறியும் அது தப்புச் செய்யக்கூடியதுதான். அப்போது பொறுப்பு யாருடையது?

இங்கேதான் 'ஏஜென்ட்' என்ற வார்த்தை எனக்கு வணிகச் சட்ட வகுப்பை ஞாபகப்படுத்தியது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பற்றி 182-ம் பிரிவிலிருந்து விளக்குகிறது. முகவர், அனுப்பியவர் சொன்னபடி நடக்க வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். 214-ம் பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சிக்கல் வந்தால் முகவர், அனுப்பியவரைத் தொடர்புகொண்டு என்ன செய்வது என்று கேட்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். தந்தி புழங்கிய காலத்தில் எழுதியது, இந்த மென்பொருளுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. தெரியாவிட்டால் கயிற்றைச் சுண்டு, நீயாக முடிவெடுக்காதே.

அதே சட்டம், முகவர் தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்தது அனுப்பியவரே செய்ததற்குச் சமம் என்றும் சொல்கிறது. இயந்திரம் சட்டத்தின் கண்ணில் முகவர் ஆகுமா என்பது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயம். ஆனால், அதன் நியாயம் நமக்குப் புரிகிறது.

கனடாவில் ஒரு வழக்கு. பாட்டி இறந்து அவசரமாகப் பயணம் போனவர், ஏர் கனடா இணையதளத்தின் உரையாடல் மென்பொருளிடம் துக்கத்துக்கான கட்டணச் சலுகையைப் பற்றிக் கேட்டார். டிக்கெட் எடுத்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்றது. நம்பி எடுத்தார். அப்படி விதியே இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. வழக்கில் அவர்கள் வைத்த வாதம்தான் வேடிக்கை: அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற மாதிரி வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் தளத்தில் இருப்பதற்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று சொல்லிப் பணத்தைக் கொடுக்க வைத்தது.

மச்சினன், 'கயிறுதான் வழுக்கியது, நான் என்ன செய்ய' என்று அக்காளிடம் சொல்ல முடியாது. அதே நியாயம்தான்.

இதையெல்லாம் அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் பையனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"சரி மாமா. நான் உண்மையா எழுதறேன். பக்கத்துக் கம்பெனிக்காரன் அளந்துவிடறான். மெஷின் அவன் கருவியை எடுத்துட்டுப் போகுது. என் வேலை போகுது. அப்ப?"

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 'தர்மம் வெல்லும்' என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். ஆனால், மாதாமாதம் வீட்டுக்கடன் கட்டுகிறவனிடம் அப்படிப் பேசக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்: "முழுப் பத்தி வேண்டாம். மூணு வரி போதும். எதை விட்டா ஒருத்தருக்கு உயிர்ச்சேதமோ பணச்சேதமோ வருமோ, அதை மட்டும் எழுது. அதுக்காகச் சண்டை போடு. மத்ததை விட்டுக்கொடு. அப்புறம் ஒண்ணு. நீ என்ன எழுதினே, அவர் எதை எடுத்தார்னு தேதி போட்டு வச்சுக்கோ."

"அது எதுக்கு?"

"நாளைக்கு யாராவது உனக்கு டீ கொடுத்துக் கேட்டா, பதில் சொல்லணும்ல?"

பெங்களூர் போய்ப் பத்து நாள் கழித்து எனக்குச் செய்தி அனுப்பினான். 'மூணு வரி சேர்த்தேன் மாமா. தோத்த தேடலைத் தோத்ததுன்னு சொல்லணும், அது நின்னுடுச்சு. பக்கத்துல இருக்கிறது தகவல், கட்டளை இல்லை, அதுவும் நின்னுடுச்சு. மருந்து அளவுக்கு இந்தக் கருவி மட்டும் போதாதுன்னு போட்டதை எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் திரும்ப எழுதுவேன்.'

மூன்றுக்கு ரெண்டு. அந்த ஒரு வரி எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அவனுக்கும் உறுத்துகிறது என்பதுதான் இப்போதைக்கு ஆறுதல்.

'இது மென்பொருள் பையன்கள் சமாசாரம், நமக்கென்ன' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நீங்களும் குறிப்பு எழுதுகிறவர்தான். ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்குச் சீட்டு எழுதிவைக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அண்ணனுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். அலுவலகத்தில் கீழே இருப்பவரை ஒரு வேலைக்கு அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவர் நம் வார்த்தையை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

'எனக்குத் தெரிந்தது இவ்வளவு. இது கேள்விப்பட்டது. இதை நான் பார்க்கவில்லை.'

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல எவ்வளவு இடம் வேண்டும்? ரெண்டு வரி. அந்தம்மா கேட்டதும் அதைத்தான்.